காற்றுத் தூரிகை

ஆறடி உயரமுள்ள மனிதன் ஒருவனை ஓர் அங்குல உயரத்துக்குச் சுருக்கினால், அவன் ஓட்டும் விமானத்தையும் அதே விகிதத்தில் சுருக்க வேண்டும். ஆறடி என்பது 72 அங்குலம். ஆகவே விகிதம் 1:72. பிளாஸ்டிக் விமான மாதிரிகளில் மிகவும் பழக்கப்பட்ட அளவு இதுதான். 1936இல் பிரிட்டனில் 'ஃப்ராக் பென்குவின்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்த பிளாஸ்டிக் மாதிரிகள் இந்த அளவில் செய்யப்பட்டவை. இன்றும் பல நாடுகளில் இதே அளவில் புதிய மாதிரிகள் வந்துகொண்டிருக்கின்றன.

இப்போது இந்த விகிதத்தை வண்ணப் பூச்சுக்கும் பொருத்திப் பாருங்கள். சாதாரணத் தூரிகையால் இரண்டு மூன்று முறை பூசினால், பூச்சின் கனம் 0.1 மில்லிமீட்டர் அளவுக்கு எளிதில் வந்துவிடும். அதை 72ஆல் பெருக்கினால் 7.2 மி.மீ. உண்மையான போர் விமானம் ஒன்றின் மேல் முக்கால் சென்டிமீட்டர் கனத்துக்குப் பெயின்டை அப்பியிருந்தால் எப்படி இருக்கும்? தகடுகளின் இணைப்புக் கோடுகளும், தறையாணிகளின் தலைகளும் அதில் மூழ்கிவிடும் அல்லவா? நன்றாக ஒட்டப்பட்ட மாதிரி கூட வண்ணம் பூசியதும் பொம்மை போலத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

இன்னொரு குறையும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானங்களின் பக்கங்களில், மறைவண்ணத்தைத் தெளிப்பானால் புள்ளி புள்ளியாக அடித்தார்கள். அந்தப் புள்ளிகளின் ஓரம் கத்தியால் வெட்டியது போல் இராது. மெல்ல மெல்ல மங்கி மறையும். உண்மை விமானத்தில் ஏழு சென்டிமீட்டர் அகலத்துக்கு மங்கும் ஓரம், 1:72 மாதிரியில் ஒரு மில்லிமீட்டருக்குள் மங்க வேண்டும். மயிர்த்தூரிகையால் இதைச் செய்ய மிகுந்த கைத்திறன் வேண்டும்.

இவ்விரு குறைகளையும் ஒருங்கே தீர்ப்பது ஏர்பிரஷ் எனப்படும் காற்றுத் தூரிகை. பெயர்தான் தூரிகையே தவிர, இதில் மயிர் ஒன்று கூடக் கிடையாது. பேனாவைப் போல் கையில் பிடிக்கக்கூடிய சிறு உலோகக் குழாய் இது. ஒரு பக்கம் அமுக்கப்பட்ட காற்று நுழைகிறது. நுனியிலிருந்து வண்ணம் மூடுபனி போல வெளிவருகிறது.

காற்று வண்ணத்தை எப்படி இழுக்கிறது?

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு டம்ளரில் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை நீர் ஊற்றுங்கள். உறிஞ்சுகுழல் ஒன்றை வெட்டி, அதன் மேல்நுனி நீர்மட்டத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலே நிற்குமாறு செங்குத்தாகப் பிடியுங்கள். மற்றொரு குழலை வாயில் வைத்து, நிற்கும் குழலின் வாயை உரசிச் செல்லும்படி பலமாக ஊதுங்கள். நீர் குழலில் ஏறி, நுனியில் சிதறித் தெறிக்கும். முன்னாளில் வீடுகளில் கொசுமருந்து அடிக்கப் பயன்பட்ட கைப்பம்பு வேலை செய்ததும் இப்படித்தான்.

இதற்குக் காரணம் 'பெர்னூலி விதி' என்று ஒரே வரியில் சொல்லி முடிக்கும் நூல்கள் உண்டு. அது முழு விளக்கமாகாது. விரைந்து பாயும் காற்று, தன் அருகிலுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அதனால் குழல் வாயில் அழுத்தம் குறைகிறது. டம்ளரிலுள்ள நீரின் மேல் வளிமண்டல அழுத்தம் குறையாமல் இருக்கிறது. இந்த வேறுபாடுதான் நீரை மேலே தள்ளுகிறது. ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு நீரை ஏற்ற ஏறக்குறைய 500 பாஸ்கல் வேறுபாடு போதும். வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 1,01,300 பாஸ்கல். அதில் இருநூறில் ஒரு பங்கு குறைந்தாலே நீர் ஏறிவிடும் என்பதைக் கவனியுங்கள்.

ஏறிவந்த நீர்மத்தை விரைந்த காற்று பிய்த்து நுண்துளிகளாக்குகிறது. இங்கேதான் காற்றுத் தூரிகையின் உயிர்நிலை உள்ளது. ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளியை, 20 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துளிகளாக உடைப்பதாகக் கொள்வோம். விட்டம் ஐம்பதில் ஒரு பங்காகிறது. துளிகளின் எண்ணிக்கை 50 × 50 × 50, அதாவது 1,25,000 ஆகும். மொத்தப் பரப்பு ஐம்பது மடங்கு பெருகும். பரப்பு பெருகினால் ஆவியாதலும் பெருகும். ஆகவே நுனியிலிருந்து மாதிரிக்குச் செல்லும் சில சென்டிமீட்டர் பயணத்திலேயே வண்ணத்திலுள்ள கரைப்பானில் ஒரு பகுதி பறந்துவிடுகிறது.

துளி போய்ச் சேரும்போது சற்றே ஈரமாக இருந்தால், பக்கத்துத் துளியோடு கலந்து, பரப்பு இழுவிசையால் சமமாகப் பரவி, மெல்லிய படலமாக உலரும். வழியிலேயே உலர்ந்துவிட்டால், தூளாக ஒட்டிக்கொண்டு உப்புத்தாள் போன்ற சொரசொரப்பைத் தரும். அளவுக்கு மீறி ஈரமாக இருந்தால், படலம் குளம் கட்டி நிற்கும். பின்னால் வரும் காற்று அதை நாலாபக்கமும் தள்ளி, சிலந்திக் கால்களைப் போலக் கிளை விடச் செய்யும். காற்றழுத்தம், தூரம், வண்ணத்தின் நீர்ப்பதம், நுனித்துளையின் அளவு என்று நாம் திருகிச் சரிசெய்வன எல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்: துளி சரியான ஈரத்துடன் போய்ச் சேர வேண்டும்.

இக்கருவி மாதிரி செய்வோருக்காகப் பிறந்ததன்று. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஆப்னர் பீலர் என்பவர் 1879இல் 'வண்ணம் பகிரும் கருவி' ஒன்றைச் செய்தார். சார்லஸ் பர்டிக் வடிவமைத்த, பேனா போன்ற கருவியை தேயர் அண்டு சாண்ட்லர் நிறுவனத்தார் 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் வைத்தார்கள். புகைப்படங்களைத் திருத்தவும், விளம்பரப் படங்கள் தீட்டவும் அது பெரிதும் பயன்பட்டது. இன்று நாம் வாங்கும் கருவியின் அடிப்படை அமைப்பு அதிலிருந்து அதிகம் மாறிவிடவில்லை.

எதை வாங்குவது?

கருவிக்குள்ளே நீண்ட ஊசி ஒன்று உண்டு. அதன் முனை கூம்பு வடிவில் கூர்ந்திருக்கும். நாசில் என்னும் நுனிக்குழாயின் துளையில் இந்தக் கூம்பு பொருந்தி அடைத்துக்கொண்டிருக்கிறது. ஊசியைப் பின்னால் இழுத்தால் துளையைச் சுற்றி வளையம் போன்ற இடைவெளி திறந்து, வண்ணம் வெளிவரும்.

'சிங்கிள் ஆக்‌ஷன்' என்று கடைகளில் சொல்லப்படும் வகையில், டிரிகரை அழுத்தினால் காற்று மட்டும் திறக்கும். வண்ணத்தின் அளவை ஒரு திருகால் முன்கூட்டியே அமைத்துக்கொள்ள வேண்டும். 'டபுள் ஆக்‌ஷன்' வகையில் டிரிகரைக் கீழே அழுத்தினால் காற்று. பின்னால் இழுத்தால் வண்ணம். ஒரே விரலால் இரண்டையும் ஆளலாம். முதல் வகை எளிது என்று கருதிப் பலர் அதை வாங்குகிறார்கள். ஒரே நிறத்தைப் பெரிய பரப்பில் அடிக்க அது போதும். ஆனால் மெல்லத் தொடங்கி மெல்ல மறையும் கோடு வேண்டுமானால் இரண்டாம் வகையே ஏற்றது. ஒரு வாரம் தாளில் பழகினால் விரல் தானாகவே கற்றுக்கொள்ளும். எனவே வாங்குவது ஒன்றே ஒன்று என்றால், டபுள் ஆக்‌ஷன் வகையை வாங்குவதே என் பரிந்துரை.

பழகத் தொடங்குவோர் முதல் இழுப்பிலேயே வண்ணத்தைக் கொட்டிவிடுவது ஏன்? இதில் சுவையான கணக்கு ஒன்று இருக்கிறது. நாசில் துளை 0.3 மி.மீ. எனக் கொள்வோம். ஊசியின் கூம்பு 3 மி.மீ. நீளத்தில் கூர்ந்து முடிகிறது என்றும் கொள்வோம். ஊசியை ஒரு மி.மீ. இழுத்தால், துளை வாயில் நிற்கும் ஊசியின் விட்டம் 0.2 மி.மீ. ஆகும். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 4 : 9. ஆகவே ஒன்பதில் ஐந்து பங்கு துளை திறந்துவிட்டது! மூன்றில் ஒரு பங்குதான் இழுத்தோம். பாதிக்கு மேல் திறந்துகொண்டது. கூம்பு நீளமாகச் சரிந்துள்ள ஊசியில் இந்தத் திறப்பு மெதுவாக நடக்கும். நுண்வேலைக்கு அத்தகைய ஊசியை விரும்புவதன் காரணம் இதுதான்.

துளையின் அளவு 0.2, 0.3, 0.4, 0.5 மி.மீ. எனப் பலவாறு கிடைக்கும். மிகச் சிறியதே மிகச் சிறந்தது என்று எண்ண வேண்டாம். உலோக வண்ணங்களில் மினுக்குத் தகடுகள் இருக்கின்றன. அடிப்பூச்சு வண்ணங்கள் கெட்டியானவை. அவை 0.2 மி.மீ. துளையில் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். பொதுவான வேலைக்கு 0.3 அல்லது 0.4 மி.மீ. பொருத்தமானது.

வண்ணக் கிண்ணம் மேலே உள்ள வகையில் புவியீர்ப்பே வண்ணத்தை இறக்கித் தருகிறது. குறைந்த அழுத்தத்திலும், சில துளி வண்ணத்திலும் வேலை நடக்கும். கீழே புட்டி தொங்கும் வகையில் காற்று வண்ணத்தை ஏற்ற வேண்டியிருப்பதால் சற்றுக் கூடுதல் அழுத்தம் தேவை. அதிக வண்ணம் அடிக்கும் பெரிய மாதிரிகளுக்கு அது வசதி. சிறு மாதிரிகளுக்கு மேற்கிண்ணமே நல்லது.

அமெரிக்காவின் பாஷே, பாட்ஜர், ஜப்பானின் இவாட்டா, ஜெர்மனியின் ஹார்டர் அண்டு ஸ்டீன்பெக் ஆகியவை பெயர்பெற்றவை. இவற்றைப் பார்த்துச் செய்த மலிவான கருவிகளும் நிறைய உண்டு. மலிவானதை வாங்குவதில் தவறில்லை. ஆனால் மாற்று ஊசியும் மாற்று நாசிலும் தனியே கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். அவை கிடைக்காவிட்டால், ஊசி ஒரு முறை கீழே விழுவதோடு கருவியின் ஆயுள் முடிந்துவிடும்.

காற்று எங்கிருந்து?

மாதிரி வேலைக்குச் சதுர அங்குலத்துக்கு 15 முதல் 20 பவுண்டு அழுத்தம், அதாவது ஏறத்தாழ 1 முதல் 1.4 பார், போதுமானது. கார் டயரில் இருப்பதைவிட இது குறைவு. கார் டயரிலிருந்தே குழாய் இணைத்துக் காற்றெடுத்து வண்ணம் அடித்தவர்களும் உண்டு! காற்றுக் குறையக் குறைய அழுத்தமும் இறங்குவதுதான் அதிலுள்ள தொல்லை. வாயு அடைத்த டப்பாக்களிலும் இதே தொல்லை வேறு விதமாக வருகிறது. உள்ளிருக்கும் நீர்மம் வாயுவாக மாறும்போது உள்ளுறை வெப்பத்தை டப்பாவிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. டப்பா சில்லிட்டுப் போகிறது, அழுத்தம் விழுகிறது. வேலை நடுவில் நின்றுவிடும்.

ஆகவே சிறு கம்ப்ரெஸரே நிலையான வழி. அது துடித்துத் துடித்துத் தள்ளும் காற்றைச் சீராக்க ஒரு தொட்டி இருந்தால் நல்லது. அழுத்தத்தைக் குறைத்துக் கூட்டும் ரெகுலேட்டரும், ஈரம் பிடிக்கும் கண்ணாடிக் கிண்ணமும் கட்டாயம் வேண்டும். இரண்டாவது ஏர்பிரஷ் வாங்க வைத்திருக்கும் பணத்தை இவற்றுக்குச் செலவிடலாம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். நீராவி நிறைந்த காற்றை மூன்றில் ஒரு பங்கு பருமனுக்கு அமுக்கி, பழைய வெப்பநிலைக்குக் குளிரவிட்டால், அதிலுள்ள நீராவியில் மூன்றில் இரண்டு பங்கு நீராக மாறியே தீரும். கம்ப்ரெஸரில் சூடாக இருக்கும் காற்று ஹோஸ் குழாயில் ஓடிக் குளிரும்போது இதுதான் நடக்கிறது. கடற்கரை ஊர்களில் மழைக் காலத்தில் ஈரக் கிண்ணம் விரைவில் நிரம்புவதைக் கண்ணால் காணலாம். அந்த நீர் ஒரு சொட்டு வண்ணத்தோடு வந்து விழுந்தால், இறக்கையின் நடுவில் வடு விழும்.

பழைய குளிர்பதனப் பெட்டியிலுள்ள கம்ப்ரெஸரைக் கழற்றித் தாமே காற்று இயந்திரம் அமைப்பவர்கள் இருக்கிறார்கள். மாணவர்கள் இதைச் செய்ய முயல வேண்டாம். அதன் குழாய்களில் குளிர்பதன வாயு அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். அழுத்தம் மீறினால் தானே நிற்கும் ஏற்பாடும் அதில் இராது.

பால் பதம்

புட்டியிலுள்ள வண்ணம் தூரிகைக்கு ஏற்ற கெட்டியில் இருக்கும். அதை அதற்குரிய தின்னரில் கரைத்துப் பாலின் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். கிண்ணத்தின் உட்சுவரில் ஏற்றிவிட்டால் மெல்லிய படலமாக ஒட்டி இறங்க வேண்டும். நீரைப் போல் உடனே ஓடிவிடக் கூடாது, தயிரைப் போல் நிற்கவும் கூடாது. அக்ரிலிக் வண்ணத்துக்கு நீரோ ஆல்கஹால் கலந்த தின்னரோ, எனாமலுக்கு ஒயிட் ஸ்பிரிட், லாக்கருக்கு லாக்கர் தின்னர். ஒன்றுக்குரியதை மற்றொன்றில் ஊற்றினால் வண்ணம் திரிந்து கட்டியாகும். கரைத்ததை மெல்லிய நைலான் துணியில் வடிகட்டிவிட்டு ஊற்றுவது நல்ல பழக்கம்.

நாசிலுக்கும் மாதிரிக்கும் இடையே 5 முதல் 10 செ.மீ. தூரம் இருக்கட்டும். கையை ஓட்டத் தொடங்கிய பிறகே வண்ணத்தைத் திறக்க வேண்டும். வண்ணத்தை மூடிய பிறகே கையை நிறுத்த வேண்டும். முதல் பூச்சிலேயே பிளாஸ்டிக்கை மறைத்துவிட வேண்டும் என்ற ஆசை வேண்டாம். மூன்று நான்கு மெல்லிய பூச்சுகளில் மறையட்டும். விமானியின் முகத்தையும் கண்ணையும் எழுத வழக்கமான மெல்லிய தூரிகையே இன்றும் சிறந்தது.

ஓர் எச்சரிக்கை. மாதிரியில் ஒட்டாத துளிகள் காணாமல் போய்விடுவதில்லை, அறையில் மிதக்கின்றன. பத்து மைக்ரோமீட்டருக்கும் சிறியவை மூச்சோடு நுரையீரல் வரை செல்லக் கூடியவை. நீரில் கரையும் அக்ரிலிக் என்றாலும் இது பொருந்தும். அதிலுள்ள நிறமியும் பிசினும் நீரல்லவே. எனவே முகமூடி அணியாமல் அடிக்கக் கூடாது. துணி முகமூடியும் தூசி முகமூடியும் லாக்கர், எனாமல் ஆகியவற்றின் ஆவியைத் தடுக்கமாட்டா. அவற்றுக்குக் கரிம ஆவியை உறிஞ்சும் கரிப் பெட்டி பொருத்திய முகமூடியே வேண்டும். சன்னல்கள் திறந்திருக்கட்டும். லாக்கர் தின்னரின் ஆவி எளிதில் தீப்பற்றும். அருகில் அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எதுவும் எரியக் கூடாது. காட்மியம் கலந்த ஓவிய வண்ணங்களை ஒருபோதும் தெளிக்காதீர்கள். கார்களுக்கு அடிக்கும் ஐசோசயனேட் கலந்த இருபகுதிப் பெயின்டும் மாணவர் கைக்கு உரியதன்று.

துப்புரவு

ஏர்பிரஷ்கள் தேய்ந்து அழிவதைவிட, உலர்ந்த வண்ணத்தாலும் முரட்டுக் கையாலும் அழிவதே அதிகம். ஒரு நிறம் முடிந்ததும் மிச்சத்தைக் கொட்டிவிட்டு, கிண்ணத்தில் தின்னர் ஊற்றி, மூடியுள்ள ஜாடி ஒன்றுக்குள் தெளித்துத் தள்ளுங்கள். பிறகு நாசில் வாயைத் துணியால் மூடிக்கொண்டு டிரிகரை மெல்ல இயக்கினால், காற்று வெளியேற வழியின்றிப் பின்னோக்கிக் கிண்ணத்தில் குமிழியிடும். மறைந்திருக்கும் வண்ணம் அப்போது கலங்கி மேலே வரும். தெளிவான தின்னர் வரும்வரை திரும்பச் செய்யுங்கள்.

அன்றைய வேலை முடிந்தபின் ஊசியை உருவ வேண்டும். கிண்ணத்தைக் கழுவும் முன் உருவினால், ஊசியிலுள்ள வண்ணம் பின்னாலுள்ள அடைப்பு வளையத்தில் தேய்ந்து ஒட்டிக்கொள்ளும். கழுவிய பிறகே உருவுங்கள். தின்னரில் நனைத்த துணியில் ஊசியை வைத்து, பின்புறத்திலிருந்து நுனியை நோக்கிச் சுழற்றித் துடைக்க வேண்டும். எதிர்த் திசையில் துடைத்தால் நுனி துணியில் குத்தி வளையும். நாசில் அரிசியை விடச் சிறிதாக இருக்கக் கூடும். அதன் மரை மிக மெல்லியது. உடன் தரும் சிறு ஸ்பேனரால், விரல் பலத்துக்கு மேல் போகாமல் முடுக்குங்கள். குறடு கூடாது. குண்டூசியால் குத்துவதும் கூடாது. துளை சிறிது விரிந்தாலும் ஊசி அதில் சரியாகப் பொருந்தாது.

கருவியை முழுவதுமாகத் தின்னரில் ஊறப்போடுவோர் உண்டு. ரப்பர் வளையங்கள் அதில் ஊதிக் கெடும். டெஃப்லான் வளையங்கள் தாங்கும். ஆனால் எல்லா வளையங்களும் டெஃப்லானாக இருப்பதில்லை.

அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பு நீர்மத்தில் இரவெல்லாம் ஊறவைப்பதும் தவறு. ஏர்பிரஷ்ஷின் உடல் பெரும்பாலும் குரோமியம் பூசிய பித்தளை. அம்மோனியாவுக்கும் பித்தளைக்கும் உள்ள பகைக்கு நம் நாட்டிலேயே பழைய கதை ஒன்றுண்டு. பிரிட்டிஷ் ஆட்சியின்போது இந்தியாவில் குதிரை லாயங்களில் சேமித்து வைத்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளை உறைகள் மழைக் காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. லாயத்துச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், உறையைச் செய்தபோது உலோகத்தில் தங்கிவிட்ட இழுவிசையும் சேர்ந்தே இதைச் செய்தன என்று 1921இல் விளக்கினார்கள். ஒரு முறை துடைப்பதால் கருவி உடைந்துவிடாது. ஊறவைப்பதைத்தான் தவிர்க்க வேண்டும்.

கருவி தன் நோயைத் தானே சொல்லிவிடும். வண்ணம் அடிக்கும்போதே கிண்ணத்தில் குமிழி வந்தால், நாசில் சரியாகப் பொருந்தவில்லை அல்லது விரிசல் கண்டிருக்கிறது என்று பொருள். டிரிகரை இழுக்காமலேயே வண்ணம் கசிந்தால், ஊசி துளையில் முழுதும் அமரவில்லை. வண்ணம் விட்டுவிட்டுத் துப்பினால் நுனியில் உலர்ந்த கட்டி இருக்கும், அல்லது வண்ணம் கெட்டியாக இருக்கும். அக்ரிலிக்கில் நுனி உலர்வது மிக இயல்பு. தின்னரில் நனைத்த மென்தூரிகையால் அவ்வப்போது நுனியைத் தொட்டுத் துடைத்தால் போதும்.

தூவல் நேரே போகாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் ஊசி நுனி வளைந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், நகத்தின் மேல் மெல்ல இழுத்துப் பார்த்தால் கொக்கி போல் மாட்டும். ஊசியைக் கண்ணாடித் தகட்டின் மேல் மிகச் சாய்வாக வைத்து, உருட்டிக்கொண்டே பின்னோக்கி மெதுவாக இழுத்தால் சிறு கொக்கி நிமிரும். நுனி ஒடிந்தோ ஆழமாக மடங்கியோ போயிருந்தால், மாற்று ஊசியைப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.